ஆட்சேபணையார் நின்ற இடம்

செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர்களின் பட்டியல் நீளமானது. நாயக்கர்கள் ஆண்டார்கள், பிஜப்பூர்க்காரன் பிடித்தான், மராட்டியர் பிடித்தார்கள், மொகலாயர் வருஷக்கணக்கில் முற்றுகை போட்டுப் பிடித்தார்கள், பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். இத்தனை படைகளையும் ஒரு தட்டில் வைத்து ஆட்சேபணையாரை இன்னொரு தட்டில் வைத்தால் ஆட்சேபணையார் தட்டுதான் கீழே இறங்கும். கோட்டையைப் பிடித்தவர்கள் எல்லோரும் ஒருநாள் விட்டுவிட்டுப் போனார்கள். ஆட்சேபணையார் பிடித்தது ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசின் பின்பக்கத்துப் பெஞ்சை. அதை அவர் விடவே இல்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. வீட்டு வரி ரசீதில் மட்டும் அது உயிரோடு இருந்தது. மற்றபடி டீக்கடையிலிருந்து தாசில் ஆபீஸ் வரை அவர் ஆட்சேபணையார்தான். ஒட்டடைக் குச்சிக்குச் சட்டை போட்டதுபோல் இருப்பார். கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருப்பார். மழையிலும் விரிக்காத குடை ஒன்று எப்போதும் கக்கத்தில் இருக்கும். கேட்டால், “நனைஞ்சா கெட்டுப்பூடும்” என்பார்.

நான் அவரைச் சந்தித்த விதமே தலைகீழ். அறுபதுகளின் நடுவில், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பஞ்சாயத்து ஆபீசுக்குக் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தேன். திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கி, யாராவது நம்மை அழைத்துப்போக வந்திருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். வேப்பமரத்தடியில் குடையும் கையுமாக ஒருவர் நின்று என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார். ஆபீசிலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை. படுக்கைச் சுருட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தேன். அவரும் வாயைத் திறக்காமல் தூக்கிக்கொண்டு வந்து, ஆபீஸ் வாசலில் இறக்கிவைத்து, “இதான் ஆபீசு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே பியூன் சிங்காரம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“சார், அவுரு கைலயா மூட்டையக் குடுத்தீங்க? மூணு காணி மல்லாட்டை நெலம் குத்தகைக்கு வுட்டுகிறாரு சார் அவுரு!”

மல்லாட்டை என்றால் எங்கள் ஊர் நிலக்கடலை.

அடுத்த கூட்டத்தில் என் நியமனத்தை ஒப்புக்கொள்ளும் தீர்மானம் வந்தது. பிரசிடெண்ட் படித்து முடித்தார். பின்பெஞ்சில் குடை எழுந்தது.

“ஆட்சேபணை! புதுக் குமாஸ்தா தன் படுக்கையத் தானே தூக்க மாட்டாரு. ஊர் பாரத்த எப்படித் தூக்குவாரு?”

பிரசிடெண்ட் என் பக்கம் திரும்பி, “எழுதிக்கோங்க தம்பி. ஆட்சேபணை குறித்துக்கொள்ளப்பட்டது” என்றார். செஞ்சியில் நான் உத்தியோகமாக எழுதிய முதல் வரி, என்னை வேண்டாம் என்று சொன்ன வரிதான்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்று சிங்காரம் சொன்னான். பிரசிடெண்ட் தும்பைப்பூ மாதிரி வெள்ளைச் சட்டையும் அதே நிறத்தில் மனசும் உள்ளவர். பதவிக்கு வந்த புதிதில் ஒரு தீர்மானத்தைப் படித்துவிட்டு, “யாருக்காவது ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார். மெம்பர்களைத்தான் கேட்டார். வெயிலுக்கு ஒதுங்கிப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவர் எழுந்து, “உண்டு” என்றார். அவர் மெம்பரே இல்லை என்று சொல்ல பிரசிடெண்டுக்கு மனம் வரவில்லை. ஆளைச் சமாதானப்படுத்த, குறித்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தீர்மானத்தைப் படித்ததும் பிரசிடெண்ட் பின்பெஞ்சைப் பார்ப்பார், மெம்பர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், குடை எழும், ஆட்சேபணை வரும், குமாஸ்தா எழுதுவார், தீர்மானம் நிறைவேறும். கல்யாணத்தில் கெட்டிமேளம் மாதிரி அது இல்லாமல் எதுவும் முடியாது என்றாகிவிட்டது.

ஆட்சேபணை சொல்லும் ஆசை அவருக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பதை அவரே ஒருநாள் சொன்னார். ஏதோ வரப்புத் தகராறில் சாட்சி சொல்லத் திண்டிவனம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். ஒரு வக்கீல் எழுந்து, ‘அப்ஜெக்‌ஷன்’ என்றாராம்.

“அந்த ஒத்த வார்த்தைக்கு ஜட்ஜு நிமிந்து பாக்கறாரு, எதிர் வக்கீலு பாக்கறாரு, டவாலி போட்ட சேவகன் பாக்கறான். மொத்த கோர்ட்டும் வாய மூடிகினு அவுரு மூஞ்சியப் பாக்குது சார். எங்க ஊட்ல நான் நாள் முழுக்கக் கத்தினாலும் பல்லிகூடத் திரும்பாது” என்றார்.

கேட்டுச் சிரித்தேன். அவர் மனைவி இறந்து பல வருஷமாகிவிட்டது, பிள்ளைகள் கிடையாது என்பது பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகு பல்லியை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

பஸ் நிறுத்தத்தின் மேற்கே கக்கூஸ் கட்டத் தீர்மானம் வந்தது. “ஆட்சேபணை! மேக்கத்திக் காத்து அடிச்சா ஊரே மூக்கப் புடிச்சிகினு நிக்கும்” என்றார். சரி, வேண்டாம் என்று கைவிடத் தீர்மானம் போட்டார்கள். “ஆட்சேபணை! அவசரம்னு வந்தவன் எங்க போவான்? கோட்டைக்கா?” என்றார். தெருநாய்களைப் பிடிக்கத் தீர்மானம் வந்தபோது, “நாய்க்கு நோட்டீசு குடுத்தாச்சா?” என்று கேட்டார். சானிட்டரி இன்ஸ்பெக்டர் பாவம், நிஜமாகவே சட்டப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

ஊரில் கல்யாணப் பத்திரிகை வைப்பவர்கள் அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போவார்கள். தாலி கட்டும் நேரத்தில் இந்த மனிதர் எழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார்கள். கடைசியில் பத்திரிகையே வராத வீடாக அது ஆகிவிட்டது.

ஒரு தடவைதான் எல்லோருக்கும் கோபம் வந்தது. பழைய மெம்பர் ஒருவர், சாதுவான மனிதர், திடீரென்று காலமாகிவிட்டார். அனுதாபத் தீர்மானம். எல்லோரும் எழுந்து நின்றோம். பிரசிடெண்ட் படித்து முடித்து, பழக்க தோஷத்தில் பின்பெஞ்சைப் பார்த்துவிட்டார்.

“ஆட்சேபணை!”

ஜவுளிக்கடை வைத்திருந்த மெம்பருக்கு முகம் சிவந்துவிட்டது. “யோவ், சாவுக்குக் கூடவாய்யா?”

“ஆமா. அவுரு போனதுக்குத்தான் ஆட்சேபணை. நல்ல மனுஷன். போயிருக்கக் கூடாது. எழுதிக்கோங்க சார்.”

எழுதிக்கொண்டேன். இறந்தவர் மகன் பிற்பாடு ஆபீசுக்கு வந்து, அந்த வரியை மட்டும் ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனான்.

என் கதையும் அப்போது பெரிய கொண்டாட்டமாக இல்லை. சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை. கீழே பஞ்சர் ஒட்டும் சத்தம், மேலே தகரக் கூரை. மெஸ்ஸில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டது சுவரில் தொங்கிய காலண்டர் முருகன் மட்டும்தான். பகலெல்லாம் சூட்டைக் குடித்த பாறை மலைகள் பொழுது சாயும்போது அதை ஊர்மேல் கக்கும். அறையில் இருக்க முடியாது. எனக்குப் போக வேறு இடமும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு நடப்பேன். அங்கே வேப்பமரத்தடியில் ஆட்சேபணையார் நின்றுகொண்டிருப்பார். தினமும் நிற்பார். திருவண்ணாமலை பஸ் வரும், திண்டிவனம் பஸ் வரும், விழுப்புரம் பஸ் வரும். அவர் எதிலும் ஏறமாட்டார், அவரைத் தேடி எதிலிருந்தும் யாரும் இறங்கமாட்டார்கள். நான் பக்கத்தில் போய் நிற்பேன். “சாப்டியா சார்?” என்பார். “ஆச்சு” என்பேன். பல நாட்களில் எங்கள் பேச்சு அவ்வளவுதான். அதற்காகவே நான் போனேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விதி வந்தது.

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்காளம்மனைக் கும்பிட வருகிற பாதி ஜில்லாவும் செஞ்சியில்தான் பஸ் மாறும். அப்படி ஓர் அமாவாசை சாயங்காலம், நெரிசலோடு நெரிசலாக எவனோ ஜவுளிக்கடைக்குள் புகுந்து ஒரு கட்டுப் புடவையை அள்ளிக்கொண்டு, தடுத்த கணக்குப்பிள்ளையைப் படியிலிருந்து தள்ளிவிட்டுப் போய்விட்டான். வயதான மனிதருக்கு மண்டையில் தையல் போடும்படி ஆயிற்று. கடைத்தெரு முழுக்க ஒரே பீதி. அடுத்த கூட்டத்தில் ஜவுளிக்கடை மெம்பர் ஒரு துணை விதியோடு வந்தார். விளக்கு வைத்த பிறகு கடைத்தெருவிலும் பஸ் நிறுத்தத்திலும் காரணமில்லாமல் யாரும் நிற்கக் கூடாது. பஞ்சாயத்து ஆள் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு அபராதம்.

“எங்க கணக்குப்பிள்ள பொழச்சது மறுபொழப்பு. வேல இருக்கறவன் நிக்கட்டும். வேல இல்லாதவனுக்குக் கடத்தெருவுல இன்னா வேல?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

எதிர்த்துப் பேச எழுந்தவர் மாணிக்கம். காலனி வார்டு மெம்பர். வீட்டிலேயே முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போய், ஸ்கூல் பைனல் முடித்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

“கணக்குப்பிள்ள எனக்கும் வேண்டியவருதான். திருடனப் புடிங்க, நானும் கூட வரேன். ஆனா ஒண்ணு. எங்க நைனா இந்தக் கடத்தெருவுல நின்னா, ‘இன்னாத்துக்குடா நிக்கிற?’ன்னு கேப்பாங்க. பதில் சொல்லிட்டு ஓரமாப் போயிடுவாரு. அந்தக் கேள்விய இனிமே எவனும் கேக்க மாட்டான்னு சட்டம் வந்துச்சு. நான் மெம்பராகி இங்க ஒக்காந்துகிறேன். நீங்க திரும்பவும் அதே கேள்விய ரூல் போட்டுக் கேக்கச் சொல்றீங்க.”

“எல்லாரையுந்தான் கேப்போம். ஒன்ன மட்டுமா?” என்றார் ஜவுளிக்கடை மெம்பர்.

“ஆரம்பத்துல எல்லாரையும் கேப்பாங்க. போவப் போவ யாரக் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ணே.”

அறை இரண்டாகப் பிரிந்து கத்த ஆரம்பித்தது. பாதுகாப்பு பெரிதா, உரிமை பெரிதா என்று பிரசிடெண்டுக்கு வியர்த்துவிட்டது. ஆட்சேபணையாரும் தன் பங்குக்கு எழுந்து, “ஆட்சேபணை! நிக்கறதுக்குக் காரணம் கேட்டா, நாளைக்கு ஒக்கார்றதுக்கும் கேப்பீங்க” என்றார். கடைசியில் பிரசிடெண்ட் தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்தார். ஒரு வாரம் அபராதம் இல்லாமல் வெறுமனே கேட்டுப் பார்ப்பது, அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வது. கேட்கும் வேலை சிங்காரத்துக்கு. அவனோடு துணைக்குப் போகும் வேலை எனக்கு.

முதல் நாள் சாயங்காலம் சிங்காரம் டவாலியெல்லாம் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பினான். டீக்கடை வாசலில் ஒருத்தர் நின்றார்.

“இன்னாத்துக்கு நிக்கிறீங்க?”

“ஊட்ல மாமியா வந்துகீது. கெளம்பற வரைக்கும் இங்கதான் நிப்பேன்.”

சிங்காரம் என்னைப் பார்த்து, “நியாயமான காரணம் சார்” என்றான். அவனுக்கும் மாமியார் உண்டு. அடுத்த ஆள், “நான் எங்கய்யா நிக்கிறேன்? நடந்துகினு இருந்தேன். நீ கேட்டதாலதான் நின்னேன்” என்று எகிறினார். ஜவுளிக்கடை வாசலில், காற்றுக்காக ஒருத்தர் வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். சிங்காரம் கடமை தவறாதவன்.

“சார், இன்னாத்துக்கு நிக்கிறீங்க?”

“யோவ், அந்த ரூலக் கொண்டாந்தவனே நாந்தான்யா!”

“அதான் சார் காரணமா?”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அந்தச் சிரிப்போடுதான் வேப்பமரத்தடிக்குப் போனோம். ஆட்சேபணையார் வழக்கம்போல் நின்றார். சரியான ஆட்சேபணை ஒன்று காத்திருக்கிறது என்று நான் ஆவலோடு பார்த்தேன்.

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க. இன்னாத்துக்கு நிக்கிறீங்க?”

அவர் குடையை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“பஸ் ஏறணுங்களா?”

“இல்ல.”

“யாராச்சும் வராங்களா?”

திருவண்ணாமலை பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியே போய்விட்டது.

“இல்லப்பா. யாரும் வரல” என்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

“நான் ஒண்ணும் தப்பாக் கேக்கல இல்ல சார்?” என்றான் சிங்காரம். அவன் தப்பாகக் கேட்கவில்லை. சொல்லிக் கொடுத்ததைத்தான் கேட்டான்.

அந்த வாரம் முழுக்க வேப்பமரத்தடி காலியாக இருந்தது. நான் மட்டும் போய் நின்று பார்த்தேன். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லாமல் ஒரு பஸ் நிறுத்தம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் வீட்டுப் பக்கம் ஒருமுறை போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டத் துணிச்சல் இல்லாமல் திரும்பினேன்.

கூட்டத்து நாள் வந்தது. பின்பெஞ்சும் காலி. மெம்பர்களில் விதி வேண்டும் என்பவர்கள் கை அதிகம் என்பது உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது. பிரசிடெண்ட் துணை விதியைப் படித்து முடித்தார். நிமிர்ந்து பின்பெஞ்சைப் பார்த்தார். மெம்பர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

“எங்கய்யா அவுரு?” என்றார் பிரசிடெண்ட்.

“வரலீங்க.”

“அவுரு ஆட்சேபண சொல்லாம எப்படிய்யா நெறவேத்தறது?”

எக்சிகியூட்டிவ் ஆபீசர் மெதுவாக, “சார், சட்டப்படி அவர் தேவையே இல்லை” என்றார். பிரசிடெண்ட் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், ஜவுளிக்கடை மெம்பரே நெளிந்தார். “ஒரு மாதிரி இருக்குதுங்க. ஆள அனுப்பிக் கூப்புடுங்க” என்றார். தங்களை எதிர்ப்பதற்கு ஆள் விட்டு அழைத்துவந்த பஞ்சாயத்து உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

சிங்காரம் போய் அழைத்துவந்தான். கழுத்துப் பட்டன் போட்டிருந்தார். சவரம் செய்யவில்லை. பிரசிடெண்ட் அவருக்காக விதியை மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டு, கெஞ்சுவதுபோல் பார்த்தார். ஆட்சேபணையார் எழுந்தார்.

“ஆட்சேபணை ஒண்ணும் இல்லீங்க” என்றார். அறையே திடுக்கிட்டது. “அன்னிக்குச் சிங்காரம் ஒரு கேள்வி கேட்டான். பதில் சொல்லாமப் போயிட்டேன். அதச் சொல்லிட்டுப் போறேன். எனக்கு எந்த பஸ்ஸும் ஏற வேண்டியதில்ல. எனக்குன்னு யாரும் வரப்போறதும் இல்ல. ஆனா பஸ்ஸ வுட்டு எறங்கறவங்க இருக்கறாங்களே, எறங்கினதும் ஒரு தடவ நிமிந்து பாப்பாங்க, நமக்காக யாராச்சும் வந்துகிறாங்களான்னு. ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் பாப்பாங்க. அந்தப் பார்வ என் மேலயும் ஒரு தடவ படும். நானும் தலைய ஆட்டுவேன். அதுக்குத்தான் நிக்கிறேன். இது காரணத்துல சேருமா, சேராதா? அத மட்டும் சொல்லிடுங்க. சேராதுன்னா நான் ஊட்லயே இருந்துக்கறேன்.”

உட்கார்ந்துவிட்டார்.

பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார். குறித்துக்கொள்ளப்பட்டது என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் என்னால் எழுதியிருக்க முடியாது. படுக்கைச் சுருட்டோடு இறங்கி நான் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மாணிக்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடை மெம்பர்தான் கடைசியில் எழுந்தார்.

“எனக்கு வேண்டியது கடைக்குக் காவலு. அவ்ளோதான். பஸ் நிக்கற எடத்துல ரெண்டு டியூப்லைட்டு போடுங்க, அமாவாசைக்கு அமாவாசை நாலு ஆள நிறுத்துங்க. இந்தக் கேள்வி கேக்கற வேலையெல்லாம் வேணாம். எடுத்துடுங்க.”

மாணிக்கம் எழுந்து அதை ஆமோதித்தார். அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அன்றுதான். விதி போய் விளக்கு வந்தது. பிரசிடெண்ட் புதுத் தீர்மானத்தைப் படித்து முடித்துப் பின்பெஞ்சைப் பார்த்தார். அப்புறம் குடை எழுந்தது.

“ஆட்சேபணை! டியூப்லைட்டு போட்டா பூச்சி வரும்!”

அப்படி ஒரு கைதட்டலை அந்த ஆபீஸ் கேட்டிருக்காது.

அன்றைக்குச் சாயங்காலம் வேப்பமரத்தடியில் கூட்டமாக இருந்தது. பிரசிடெண்ட் சும்மா வந்து நின்றார். மாணிக்கம் நின்றார். கணக்குப்பிள்ளை தலைக்கட்டோடு வந்து நின்றார். சிங்காரம் மட்டும் எல்லோரையும் பார்த்து, “இன்னாத்துக்கு நிக்கிறீங்க?” என்று கேட்டு உதை வாங்கப் பார்த்தான். அந்தக் கூட்டம் சில நாட்களில் கரைந்துவிட்டது. அவரவருக்கு வீடு இருந்தது, வேலை இருந்தது. திரும்பவும் அவரும் நானும்தான். ஆனால் பத்திரிகை மட்டும் வர ஆரம்பித்தது. முதல் கல்யாணம் ஜவுளிக்கடைக்காரர் மகளுக்கு. தாலி கட்டும்போது எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு எனக்கு மாற்றல் வந்தது. ஆபீசில் மாலை போட்டார்கள், பிரசிடெண்ட் நல்ல வார்த்தை சொன்னார், எல்லோரும் போய்வாருங்கள் என்றார்கள். இந்தத் தடவை படுக்கைச் சுருட்டை நானே தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் ஆட்சேபணையார் நின்றார். சுருட்டை என் கையிலிருந்து வாங்கி, பஸ்ஸில் ஏற்றி, என் சீட்டுக்கு அடியில் தள்ளினார்.

“சாப்டியா சார்?” என்றார்.

“ஆச்சு” என்றேன்.

இறங்கிப் போய் மரத்தடியில் நின்றார். கண்டக்டர் விசில் கொடுத்தான். பஸ் நகர்ந்தது. நான் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். குடை எழுந்தது. கடைத்தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அவர் குரல் கேட்டது.

“ஆட்சேபணை!”

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். எல்லா ஊரிலும் ஏகமனதாகத்தான் அனுப்பிவைத்தார்கள். நான் போகக் கூடாது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.